கடல் கொண்டுவந்த மருந்தும் விஷமும்

(கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டது இரண்டு விஷயம். அந்தமானைப் பற்றிப் பேச வேண்டும். மருந்துகளைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டையும் முக்கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும், ஏனென்றால் ஏழரைக்கு டிபன் தயாராகிவிடும். அரசு மருந்துக் கிடங்கில் பார்மசிஸ்டாக 22 வருஷம் போர்ட் பிளேரில் இருந்தவன் நான். 2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தமான் என்றதும் நமக்கு செல்லுலார் சிறையும் நீலக் கடலும்தான் நினைவுக்கு வரும். தமிழர்களுக்கு அது ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. வெற்றிமலை முருகன் கோயிலில் கிருத்திகையன்று நின்றால் நம்மூரில் நிற்பது போலத்தான் இருக்கும். இன்று நான் சொல்ல வந்தது நமக்கு முன்னால், எத்தனையோ ஆயிரம் வருஷமாக அங்கே இருக்கிறவர்களைப் பற்றி. லிட்டில் அந்தமான் தீவில் ஓங்கே என்று ஒரு பழங்குடி. 1901 கணக்கெடுப்பில் 672 பேர். 2001 கணக்கெடுப்பில் 96 பேர். நம் சங்கத்தில் ஒரு சின்னக் கிளையின் ஆண்டு விழாவுக்கே இதைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

அவர்களுக்கு மருந்து தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். காட்டில் பெருந்தேனீக்கள் உண்டு. மரத்தின் உச்சிக் கிளையில் பெரிய கூடு கட்டும். கொட்டினால் ஆளைச் சாய்த்துவிடும். நம் மலைவாசிகள் புகை போட்டு அதைக் கலைப்பார்கள். ஓங்கேகள் புகை போடுவதில்லை. ஒரு செடியின் தண்டையும் இலையையும் வாயில் போட்டு மென்று, அந்தச் சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு, வாயில் மிச்சம் இருப்பதைக் கூட்டின் மேல் சாரலாக ஊதுவார்கள். தேனீக்கள் மயங்கினாற்போல் அடங்கி விலகிப் போகும். வெறும் உடம்போடு தேனடையை அறுத்து எடுத்து வந்துவிடுவார்கள். 1980களில் விஞ்ஞானிகள் இதைப் பார்த்து எழுதினார்கள். செடியின் பெயர் அமோமம் அகுலியாட்டம். நம் ஏலக்காய்க்கு உறவு. எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எதன் மேல், எப்போது என்ற ஐந்தும் அவர்களுக்குத் தெரியும். பார்மசி படிப்பில் எங்களுக்கு நாலு வருஷம் சொல்லிக்கொடுப்பதும் இந்த ஐந்தைத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியிலும் அவர்கள் பிழைத்தார்கள். கடல் உள்வாங்கியதைப் பார்த்ததுமே மேட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதே மக்களுக்கு 2008 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். டூகாங் கிரீக் என்ற இடத்தில் அவர்கள் குடியிருப்பு. கடலில் மிதந்து வந்த ஒரு பிளாஸ்டிக் கேன் கரை ஒதுங்கியது. உள்ளே ஏதோ திரவம். சாராயம் என்று நினைத்து எடுத்துக் குடித்தார்கள். எட்டு ஆண்கள் இறந்தார்கள். இன்னும் பதினைந்து பேருக்கு ஆஸ்பத்திரி வைத்தியம் தேவைப்பட்டது. மொத்தமே நூறு பேர் உள்ள இனத்தில் எட்டு பேர், அதுவும் ஆண்கள், என்றால் நூற்றில் எட்டு பங்கு ஒரே நாளில் போனது போல. கேனில் இருந்தது மெத்தனால் என்று செய்திகள் வந்தன.

மெத்தனால் உடம்பில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. சாராயத்தில் இருக்கும் எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் ஒரே ஒரு கார்பன் அணுதான் வித்தியாசம். நிறம் ஒன்று, வாசனை ஏறக்குறைய ஒன்று. குடித்த உடனே விஷம் ஏறுவதில்லை, லேசான போதைதான். விஷத்தைத் தயாரிப்பது நம்முடைய ஈரல். அங்கே ஆல்கஹாலை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. அது தன் கடமையைச் செய்கிறேன் என்று மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். அது கண் நரம்பைத் தாக்குகிறது. பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல இருக்கிறது என்பார்கள். பிறகு பார்வையே போய்விடும். ரத்தம் அமிலமாகி மூச்சு வாங்கும். இதெல்லாம் தெரிய அரை நாளோ ஒரு நாளோ ஆகும். அதற்குள் 'நேற்று குடித்தவன் நன்றாகத்தானே இருக்கிறான்' என்று இன்னும் நாலு பேர் குடித்திருப்பார்கள். 30 மில்லி உயிரை எடுக்கப் போதும். சிலருக்கு 10 மில்லியே கண்ணை எடுத்துவிடும்.

இதற்கு மாற்று மருந்து என்ன தெரியுமா? நல்ல எத்தனால். ஆமாம், ஆஸ்பத்திரியில் டாக்டர் அளவு பார்த்து ஏற்றுகிற ஆல்கஹால். ஈரலின் நொதிக்கு எத்தனாலின் மேல் பல மடங்கு பிரியம். இரண்டும் சேர்ந்து வந்தால் எத்தனாலைத்தான் முதலில் எடுக்கும். மெத்தனால் உடைபடாமலே சிறுநீரிலும் மூச்சிலும் மெல்ல வெளியேறும், அல்லது டயாலிசிஸ் செய்து எடுத்துவிடலாம். பொமெபிசோல் என்ற மருந்தும் உண்டு, விலை அதிகம். நம் ஆத்தில் வாசலுக்குள் வராத சரக்கு, அந்த ஒரு இரவில் அந்த ஒரு ஆளுக்கு மருந்து. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டு வைத்தியமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

தீவுக் காட்டில் நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அங்கே கேன் கடலில் வரவில்லை. மனிதன் கையால் விற்கப்பட்டது.

வெளியிலிருந்து வந்த பொருள்கள் அந்தமான் பழங்குடிகளைக் கெடுத்த கதை பழசு. 1858ல் ஆங்கிலேயர்கள் கைதிகளோடு வந்து இறங்கிய பின், கிரேட் அந்தமானீஸ் மக்களை வசப்படுத்தப் புகையிலையும் சாராயமும் கொடுத்தார்கள். அந்த இனத்தைப் பெரும்பாலும் அழித்தது நோய்கள்; 1877ல் வந்த தட்டம்மை ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் புகையிலைக்காகக் குடியேற்றத்தைச் சுற்றியே வாழப் பழகிவிட்டதால்தான் நோயும் சுலபமாகத் தொற்றியது என்பது என் எண்ணம். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று 50 பேர் அளவில். ஜாரவாக்கள் 1990களின் பிற்பகுதியில் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். அவர்களிடமும் முதலில் போய்ச் சேர்ந்தது வெற்றிலை பாக்கும் புகையிலையும்தான். புகையிலையில் உள்ள நிகோடின், இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. இவ்வளவு சீக்கிரம் பலன் தெரிகிற எதற்கும் மனது அடிமையாகும். மெதுவாக வேலை செய்கிற மாத்திரைக்கு யாரும் ஏங்குவதில்லை. பி.பி. மாத்திரைக்கு ஏங்கின மாமா யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நினைவுபடுத்தினால்தானே போட்டுக்கொள்கிறார்கள்!

இப்போது கடல் கொண்டுவருவது வேறு சரக்கு. 2019 செப்டம்பரில் கார் நிகோபார் அருகே கடலோரக் காவல்படையின் ராஜ்வீர் கப்பல் ஒரு மியான்மர் படகை மடக்கியது. உள்ளே 1,160 கிலோ கீட்டமின். 2024 நவம்பரில் பேரன் தீவுக்கு அருகே, அதாவது இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை இருக்கும் தீவுக்கு அருகே, இன்னொரு மியான்மர் மீன்பிடிப் படகு பிடிபட்டது. அதில் சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமின். ஆறு டன்! நாங்கள் கிடங்கில் கிராம் தராசில் நிறுத்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. இப்படிப்பட்ட படகுகளிலிருந்து கடலில் விழுந்த பொட்டலங்கள் தீவுகளில் கரை ஒதுங்கியதும் உண்டு. 2008ல் ஒதுங்கிய கேன் மாதிரியேதான், ஆனால் இந்தத் தடவை அது கொல்லாமல் இழுக்கும்.

கீட்டமின் என்றால் போதைப்பொருள் என்று மட்டும் பத்திரிகையில் போடுகிறார்கள். அது அருமையான மயக்க மருந்து. 1962ல் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது. 1970ல் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மற்ற மயக்க மருந்துகள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும். இது அவ்வளவாக இறக்காது. கரண்டும் ஆக்சிஜனும் சரியாக இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் கை எலும்பைச் சரி செய்யவும், பிரசவச் சிக்கலில் அறுவை செய்யவும் இதுதான் துணை. ஒரு 60 கிலோ ஆளுக்கு நரம்பில் ஏற்ற சுமார் 100 மில்லிகிராம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் படகில் இருந்தது 1 கோடியே 16 லட்சம் பேருக்கு மயக்கம் கொடுக்கப் போதும். அதே பொருளை உல்லாசத்துக்காக மாதக்கணக்கில் உறிஞ்சுகிறவர்களுக்குச் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகிப் போகிறது. இருபத்தைந்து வயதுப் பையன் அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். ஞாபகமும் குறைகிறது. நம் நாட்டில் இது எக்ஸ் அட்டவணை மருந்து: டாக்டர் சீட்டு இரண்டு பிரதி, ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும்.

மெத்தாம்பெட்டமினின் பூர்வீகமும் மருந்துதான். சளிக்கும் மூச்சிரைப்புக்கும் கொடுத்த எபிட்ரினிலிருந்து 1893ல் நாகாய் என்ற ஜப்பானியர் அதைத் தயாரித்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் தூங்காமலிருக்க மாத்திரையாகக் கொடுத்தார்கள். மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம். நல்லது நடந்தால், பசிக்குச் சாப்பாடு கிடைத்தால், குழந்தை சிரித்தால் கொஞ்சம் சுரக்கும். மெத்தாம்பெட்டமின் அந்தக் களஞ்சியத்தின் கதவை உடைத்து மொத்தத்தையும் கொட்டிவிடுகிறது. பசி போகும், தூக்கம் போகும், இதயம் படபடக்கும், உடம்பு சூடேறும். அது பாதியாகக் குறையவே சுமார் பத்து மணி நேரம் ஆகும். களஞ்சியம் காலியான பிறகு சாதாரண சந்தோஷம் எதுவும் ஏறாது. சந்தேகப் பிரமை வரும். யாரோ துரத்துகிறார்கள் என்பார்கள். இந்தப் பழக்கத்தை விடுவிக்க நிச்சயமான மாத்திரை இன்னும் இல்லை. பொறுமையான ஆலோசனையும் கூட இருக்கிற மனிதர்களும்தான் சிகிச்சை.

'இதெல்லாம் நம்மாத்துக் குழந்தைகளுக்கு வராது' என்று முன்வரிசையில் ஒரு மாமி தலையசைத்ததைப் பார்த்தேன். சரி, நம்மாத்து விஷயத்துக்கே வருகிறேன். காபி.

சிராத்த தினத்தன்று கர்த்தா காலையில் காபி குடிக்காமல் இருக்கிறார். பதினொரு மணிக்குத் தலை விண் விண் என்று தெறிக்கும். வாத்தியார் தாமதமாக வந்தால் கோபம் வேறு. இது பித்தமும் இல்லை, பசியும் இல்லை. உடம்பில் அடினோசின் என்று ஒன்று சேரச் சேர நமக்கு அசதி வரும். காபியிலுள்ள கஃபீன் அடினோசின் உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அசதி தெரிவதில்லை. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? கூடுதலாக நாற்காலி போட்டுவிடுகிறது. பிறகு பழைய உற்சாகத்துக்கு இரண்டாவது டம்ளர் வேண்டும். ஒரு நாள் காபி வராவிட்டால் எல்லா நாற்காலியிலும் அடினோசின் உட்கார்ந்துவிடும், தலையின் ரத்தக் குழாய்கள் விரியும், வலி. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் தானாகச் சரியாகும். காபி சாதுவான பொருள், நானும் இரண்டு வேளை குடிக்கிறவன்தான். ஆனால் அபின், தூக்க மாத்திரை, புகையிலை எல்லாவற்றுக்கும் உடம்பு அடிமையாகும் வழி இதே மாதிரிதான். பொருள் தள்ளுகிற பக்கத்துக்கு எதிராக உடம்பு முட்டுக் கொடுக்கிறது, பொருள் விலகியதும் முட்டு மட்டும் நின்று நம்மைச் சாய்க்கிறது.

அந்தமானில் மருந்து செய்த நல்லதையும் சொல்லாமல் போனால் பாவம். 1858 மார்ச்சில் செமிராமிஸ் கப்பலில் 200 கைதிகளோடு வந்திறங்கிய முதல் அதிகாரி வாக்கர், அவரே ஒரு டாக்டர். அப்படியிருந்தும் காய்ச்சலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். உப்பங்கழியில் முட்டையிடும் ஒரு கொசுதான் அங்கே மலேரியாவைப் பரப்புகிறது. அதற்கு அந்தக் காலத்தில் ஒரே மருந்து சிங்கோனா மரப்பட்டையின் குயினைன்; நம் நீலகிரியில், நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் பயிரிட்டார்கள். மலேரியாக் கிருமி நம் ரத்தச் சிவப்பைத் தின்றுவிட்டு அதிலிருந்து வரும் கழிவு தன்னைக் கொல்லாதபடி படிகமாக்கிவைக்கும். குயினைன் அந்தப் படிகமாக்கலைத் தடுக்கிறது. கிருமி தன் கழிவாலேயே சாகிறது. கொஞ்சம் அதிகமானால் நோயாளிக்குக் காதில் வண்டு ரீங்காரம் கேட்கும்.

வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் பக்கம் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு 1980களின் கடைசியில் ரத்தம் கக்கும் மர்மக் காய்ச்சல் வந்தது. அது எலிக் காய்ச்சல் என்று போர்ட் பிளேரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் கண்டுபிடித்தார்கள். வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தார்கள். தொற்று நிற்கவில்லை; ஆனால் படுக்கையில் விழுந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். 2000ல் அந்த முடிவு வெளியானது. (அந்த மாத்திரையைப் படுத்துக்கொண்டு தண்ணீரில்லாமல் விழுங்கினால் உணவுக் குழாயில் புண் வரும். உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு.)

நான்கவுரி தீவுகளின் யானைக்கால் நோய் இன்னும் விசித்திரம். கும்பகோணத்துக்காரர்களுக்குத் தெரியும், ராத்திரி வந்து ரத்தம் எடுப்பார்கள், கிருமி அப்போதுதான் ரத்தத்தில் உலாவும் என்று. நான்கவுரியில் கொசு பகலில் கடிக்கிறது. கிருமியும் பகலில் உலாவுகிறது. எல்லோருக்கும் வருஷா வருஷம் மாத்திரை கொடுப்பதோடு, சமையல் உப்பிலேயே டி.இ.சி. மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு ருசி மாறவில்லை, மயக்கமில்லை, உற்சாகமுமில்லை. என் தொழிலில் எனக்குப் பிடித்த மருந்து இதுதான்.

இனி நம் வீடு. எனக்கு வரும் போன்களில் பாதி இப்படி: 'சார், மஞ்சளா ஒரு மாத்திரை, ராத்திரி போட்டுக்கறது, தீர்ந்து போச்சு, அது என்னன்னு சொல்லுங்கோ.' பெயர் கிடையாது. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுத்திருப்பார். பெயரும் காலாவதித் தேதியும் இருந்த துண்டு கடையிலேயே நின்றுவிட்டது. டூகாங் கிரீக் கரையில் ஒதுங்கிய கேனுக்கும் இந்தத் துண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முக்கியமாக அல்பிரசோலம். எனக்குத் தெரிந்த ஒரு மாமி, கணவர் காலமான துக்கத்தில் பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததைப் பதினோரு வருஷம் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையிடம் வெளிநாடு போனபோது மாத்திரை தீர்ந்தது. மூன்றாம் நாள் கை நடுக்கம், நாலாம் நாள் வலிப்பு. அங்கே டாக்டர்கள் மூளைக் கட்டியோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். இந்த மாத்திரை மூளையின் பிரேக்கை அழுத்திக்கொடுக்கும் மருந்து. உடம்பு அதற்கு எதிராக ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பழகியிருக்கும். பிரேக்கைத் திடீரென்று எடுத்தால் வண்டி பாயும். வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இன்று என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கு நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் துளித் துளியாகக் குறைக்க வேண்டும். வயதானவர்கள் ராத்திரி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதற்கும் இதற்கும் நிறைய சம்பந்தம் உண்டு. 2013ல் கொண்டுவந்த எச்1 அட்டவணையில் அல்பிரசோலம், டயசிபாம், சால்பிடெம் எல்லாம் இருக்கின்றன; சீட்டில்லாமல் கடைக்காரர் கொடுத்தால் தெரிந்தவர் என்பதால் செய்கிற உபகாரம் என்று நினைக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பயணம் போகும் பெற்றோர்களுக்கு: வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்றவற்றுக்கு டாக்டர் சீட்டோ முன் அனுமதியோ கேட்பார்கள். புறப்படும் முன் அந்த நாட்டு விதியைப் பார்த்து, அசல் அட்டையோடும் பெயர் எழுதிய சீட்டோடும் கொண்டுபோங்கள். டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துப் போகாதீர்கள்.

பின்வரிசையில் இருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது, பெயர் போடாமல். ஹாஸ்டலில் இருக்கும் பேரன் ஏதோ பழகிவிட்டான் போலிருக்கிறது, போலீஸுக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். 14446 என்ற எண் போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணமில்லை. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ், 14416. பையனிடம் முதலில் கேட்க வேண்டியது 'ஏன் செய்தாய்' என்பது வேண்டாம். என்ன, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேளுங்கள். டாக்டருக்கு வேண்டியது அந்த மூன்றும்தான். சில பொருள்களைச் சட்டென்று நிறுத்தினாலே உயிருக்கு ஆபத்து. எது என்று தெரியாமல் அறையில் பூட்டி வைக்கக் கூடாது. சீட்டு எழுதியவர் கூட்டம் கலைந்த பின் என்னிடம் வரலாம். வேறு யாரோ போல மாத்திரை கேட்க வந்தவராகவே வரலாம். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

மணி ஏழு இருபது. மற்றவர்களும் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்திருந்தால் டிபனுக்குப் பிறகு காட்டுங்கள். கத்தரிக்காத அட்டையாக இருந்தால் சௌகரியம்.